பதிவேடு மட்டும் போதாது: பெரு அரசுக்கு ஒரு திறந்த மடல்

பெரு நாட்டின் நீதி, மனித உரிமைகள் அமைச்சகத்துக்கும் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்துக்கும்,

மதிப்பிற்குரியீர்,

1995-இல் பெய்ஜிங்கில் நடந்த ஐ.நா. பெண்கள் மாநாட்டுக்கு உங்கள் அன்றைய அதிபர் அல்பெர்த்தோ புஜிமோரி நேரில் சென்று, குடும்பக் கட்டுப்பாட்டைப் பெண்ணின் உரிமையாகவும் வறுமைக்கு மருந்தாகவும் முன்வைத்து உரையாற்றினார். கத்தோலிக்கத் திருச்சபையின் எதிர்ப்பை மீறி ஒரு அரசு இவ்வாறு பேசியதை உங்கள் நாட்டுப் பெண்ணியவாதிகள் பலரும் வரவேற்றார்கள். நெடுங்காலம் அவர்கள் கேட்டுவந்த உரிமை அது.

அந்த உரிமையின் பெயரால் 1996 முதல் 2000 வரை நடந்த திட்டத்தில் 2,70,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் சுமார் 22,000 ஆண்களுக்கும் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. இவர்களுள் மனமுவந்து வந்தவர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் சுகாதாரப் பணியாளர்களுக்கு எண்ணிக்கை இலக்கு வைத்து, ஆண்டீஸ் மலைக் கிராமங்களில் அறுவை முகாம்களைத் ‘திருவிழா’ என்ற பெயரிலேயே நடத்தி, கெச்சுவா மட்டுமே பேசத் தெரிந்த பெண்ணிடம் ஸ்பானிய மொழிப் படிவத்தை நீட்டிப் பெற்றதை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது? நெருக்கடி நிலைக் காலத்தில் இதே இலக்கு முறை மனிதர்களை என்ன செய்தது என்பதை இந்தியாவில் கண்டவர்கள் நாங்கள். அதனால்தான் இவ்வளவு தொலைவிலிருந்தும் எழுதுகிறேன்.

கஹமார்க்காவைச் சேர்ந்த மாமெரிட்டா மெஸ்தான்சாவின் வழக்கை நீங்கள் அறிவீர்கள். ஏழு குழந்தைகளின் தாயான அந்தக் குடியானவப் பெண்ணிடம், ஐந்து குழந்தைகளுக்கு மேல் பெற்றால் அபராதமும் சிறையும் உண்டு என்று இல்லாத சட்டத்தைச் சொல்லி மிரட்டினார்கள். 1998 மார்ச் மாதம், முன்பரிசோதனை ஏதுமின்றி அறுவை நடந்தது. வாந்தியும் கடும் தலைவலியுமாக இருந்தவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நிலை மோசமானதைக் கணவர் போய்ச் சொன்னபோது, மயக்க மருந்தின் விளைவு, சரியாகிவிடும் என்றார்கள். ஏப்ரல் 5 அன்று மாமெரிட்டா வீட்டிலேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 33. 2003-இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை ஆணையத்தின் முன் உங்கள் அரசு பொறுப்பை ஏற்று, குற்றவாளிகளைத் தண்டிப்பதாகக் கையெழுத்திட்டது.

இந்தக் கொடுமையை முதலில் ஆவணப்படுத்தியவர்களுள் ஒருவர் பெண்ணிய வழக்கறிஞர் ஜூலியா தமாயோ என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கருத்தடை உரிமைக்காகப் போராடிய இயக்கமே, அந்த உரிமை ஏழைப் பழங்குடிப் பெண்களின் உடலுக்கு எதிராகத் திருப்பப்பட்டதையும் வெளிக்கொணர்ந்தது. இரண்டையும் ஒருசேரப் பேசுவது எளிதல்ல; தங்கள் எதிரிகளுக்கு வாதம் கிடைக்கும் என்று அஞ்சி அவர்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை.

கட்டாயக் கருத்தடைக்கு ஆளானோருக்காக 2015-இல் நீங்கள் தொடங்கிய பதிவேட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள், பல மணி நேரம் மலைப்பாதையில் நடந்து வந்தும், தம் பெயரைச் சேர்த்தார்கள். பெயரைப் பதிவது இழப்பீடு ஆகாது. 2024 அக்டோபரில் ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழு, ஐந்து பெண்களின் முறையீட்டில் உங்கள் அரசு அவர்களின் உரிமைகளை மீறியதென முடிவு செய்து, முழுமையான இழப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்றது. அதற்கு இரண்டு மாதங்கள் முன்புதான் உங்கள் காங்கிரஸ், 2002 ஜூலைக்கு முன் நடந்தவற்றை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக விசாரிக்க முடியாதபடி 32107-ஆம் எண் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புஜிமோரியும் இந்தக் கட்டாயக் கருத்தடை வழக்கில் தீர்ப்பைச் சந்திக்காமலேயே அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்துவிட்டார்.

அச்சட்டத்தைத் திரும்பப் பெறுங்கள். பதிவேட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் பண இழப்பீடும், அறுவையின் பின்விளைவுகளுக்கான மருத்துவமும், உளநல உதவியும் சட்டப்படி உறுதிசெய்யுங்கள். இந்த இழப்பீட்டைப் பற்றி அவர்களிடம் பேசச் செல்லும் அலுவலர், இம்முறையாவது, கெச்சுவாவில் பேசட்டும்.

இங்ஙனம்,
தமிழிலிருந்து எழுதும் ஒரு பெண்