சாரம் கட்டும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த வாடகைக் குடியிருப்புகளைப் புதுப்பிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவருக்கு வெளியே வெப்பக்காப்பு ஒட்டினால் எரிசக்தி எவ்வளவு மிச்சமாகும், புது ஜன்னல் போட்டால் தெருச் சத்தம் எவ்வளவு குறையும் என்றெல்லாம் விவரமாக இருந்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நான்கு பக்கக் கட்டுரையில், அந்த வீடுகளுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. படங்களில்கூட வெறும் கட்டடங்கள்தான்.

அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தின் ஐந்தாம் தளத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வாடகைக்கு இருப்பவள் நான். எங்கள் கட்டடத்தையும் புதுப்பித்தார்கள். ஆறு வாரம் என்று கதவுக்கடியில் நோட்டீஸ் வந்தது. ஏழு மாதம் ஆனது. எனக்கு இரவு வேலை. காலை ஏழரைக்கு வந்து படுப்பேன், எட்டு மணிக்குத் துளைபோட ஆரம்பிப்பார்கள். காங்கிரீட் கட்டடத்தில் இரண்டாம் தளத்தில் துளைபோட்டாலும் ஐந்தாம் தளத்தில் தலைமாட்டிலேயே போடுவது போலக் கேட்கும். குடியிருப்பு நிர்வாக அலுவலகத்திலிருந்து வந்த பெண்ணோ, “உங்கள் வீட்டில்தான் இன்னும் வேலையே தொடங்கவில்லையே” என்றார். தொடங்கியபோது சமையலறையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். பதினெட்டு நாள் படுக்கையறை ஸ்டூல்மேல் மின் அடுப்பு. சாரத்தில் நீல வலை கட்டியதால் பகலிலும் விளக்கு எரிந்தது. வலைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நடமாடுவதால் திரைச்சீலையை விலக்கவும் முடியாது. திங்கட்கிழமை தண்ணீர் நிற்கும் என்பார்கள், நிற்காது. செவ்வாய்க்கிழமை சொல்லாமல் நிற்கும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வேலை என்றால் தூசியும் சத்தமும் இருக்கத்தான் செய்யும். என் மனத்தாங்கல் வேறு. எதைக் கேட்டாலும் பதில் வருவதில்லை, வந்தாலும் காலம் கடந்து வருகிறது.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் தரை ஓட்டிலும் குழாய் உறையிலும் அது இருக்க வாய்ப்பு உண்டு. கலைக்காமல் விட்டால் ஆபத்து குறைவு. அறுத்தாலோ துளைத்தாலோ இழைகள் காற்றில் கலந்துவிடும். வேலையாட்கள் முகமூடியோடு வந்ததைப் பார்த்து, பரிசோதனை அறிக்கையைக் காட்டுங்கள் என்று எழுதினோம். மூன்றாவது கடிதத்துக்குத்தான் அறிக்கை வந்தது. கல்நார் இல்லையாம்! நல்ல செய்திதான். முதல் நாளே அதை வாசலில் ஒட்டியிருந்தால், மேல்தளத்து ஆஸ்துமாக்கார அம்மா இரண்டு மாதம் மகள் வீட்டுச் சோபாவில் படுத்திருக்க வேண்டியதில்லை.

ஜன்னல் கதையும் இதேதான். பழைய ஜன்னல்களின் இடுக்கு வழியே குளிர் வரும், அதோடு காற்றும் வரும். புதியவை காற்றுப்புகாமல் மூடுகின்றன. நல்ல ஜன்னல் போட்டால் ஈரக்காற்று வெளியேற வேறு வழி செய்ய வேண்டும் என்பது அடிப்படை. ஆரம்பக் கூட்டத்திலேயே மூன்றாம் தளத்துப் பெரியவர் ஒருவர், “குளியலறைக்கு வெளியேற்று விசிறி உண்டா?” என்று கேட்டார். குறித்துக்கொண்டார்கள். முதல் குளிர்காலத்திலேயே இத்தனை வருடம் இல்லாத பூஞ்சை சுவரில் பூத்தது. வீட்டுக்குள் துணி காயப்போடாதீர்கள் என்று எங்களுக்கே அறிவுரை வந்தது.

தூக்கம் வராத அந்தப் பகல்களில் மற்ற ஊர்களில் என்ன நடக்கிறது என்று நிறையப் படித்தேன். வீட்டுக்குள் இருப்பவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாததால் வந்த மிகக் கொடிய விளைவு லண்டனின் கிரென்ஃபெல் டவர் தீ. 24 மாடிக் குடியிருப்பு அது. 2016இல்தான் புதுப்பித்து முடித்தார்கள். வெளிச்சுவருக்குத் துத்தநாகத் தகடு என்றிருந்ததை, செலவைக் குறைக்க, உள்ளே எளிதில் தீப்பிடிக்கும் பாலிஎதிலீன் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடாக மாற்றினார்கள். வேலை நடக்கும்போதே குடியிருப்போர் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேரழிவு ஒன்று வந்தால்தான் கண் திறப்பீர்கள் என்று அங்குள்ள ஒரு குழு 2016 நவம்பரில் எழுதியே வைத்தது. 2017 ஜூன் 14 தீயில் 72 பேர் இறந்தார்கள். புகார் சொல்பவர்களைத் தொல்லை பிடித்தவர்களாகப் பார்க்கும் முகம் எனக்கும் பழக்கம் என்பதால், அந்த விசாரணை விவரங்களைத் தொடர்ந்து படிக்க முடியவில்லை.

அடுத்து வாடகை. புதுப்பித்தலையும் வெளியேற்றுதலையும் ஒட்டி ‘ரெனோவ்ரேக்னிங்’ என்று ஸ்வீடன்காரர்கள் ஒரே சொல் வைத்திருக்கிறார்கள். 1965 முதல் 1974 வரை அங்கே கட்டிய பத்து லட்சம் வீடுகளில் ஏராளமானவை இப்போது பழுதுபார்க்க வேண்டிய நிலையில் உள்ளன. வெறும் பழுதுபார்ப்புக்கு வாடகை ஏறாது, வசதி கூடினால் ஏறும். ஆகவே ஒழுகும் குழாயை மாற்ற வருபவர்கள் கூடவே பளபளப்பான குளியலறையும் தருகிறார்கள், கேட்காமலே. ஜெர்மனியின் வாடகைச் சட்டம், மேம்படுத்திய செலவில் 8 சதவீதத்தை ஆண்டு வாடகையில் ஏற்ற அனுமதிக்கிறது. 2019க்கு முன் அது 11. ஆறு ஆண்டுகளில் சதுர மீட்டருக்கு 3 யூரோவுக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பு உண்டு என்பது கொஞ்சம் ஆறுதல். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 சதவீதம் என்றால் பன்னிரண்டரை வருடத்தில் செலவு முழுவதும் வசூலாகிவிடும். அதற்குப் பிறகும் வாடகை இறங்காது.

எங்கள் கட்டடத்திலிருந்து பதினோரு குடும்பங்களைத் தற்காலிகமாக வேறிடம் அனுப்பினார்கள். நான்கு திரும்பவில்லை. திரும்பலாம் என்று வாயால் சொன்னார்களே தவிர எழுத்தில் யாருக்கும் தரவில்லை. பிள்ளைகள் புதுப் பள்ளியில் ஒட்டிக்கொண்டார்கள், மறுபடி மூட்டை கட்டத் தெம்பில்லை என்று ஆளுக்கொரு காரணம். எங்கள் தளத்தில் என் சாவியை வைத்திருந்தவர் அந்த நால்வரில் ஒருவர்.

சரியாகச் செய்ய முடியாதா என்றால், செய்திருக்கிறார்கள். பிரான்சின் போர்தோ நகரில் கிரான் பார்க் என்ற இடத்தில் 1960களில் கட்டிய மூன்று பெரிய கட்டடங்கள், 530 வீடுகள். ஆன் லக்காதோன், ஜான் ஃபிலிப் வசால் என்ற கட்டடக்கலைஞர்கள் தங்கள் கூட்டாளிகளோடு, ஒரு குடும்பத்தையும் வெளியேற்றாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிப்பக்கமாகக் கண்ணாடிக் கூடமும் பால்கனியும் சேர்த்தார்கள். முன்பே வார்த்துக் கொண்டுவந்த பாகங்களை அடுக்கியதால் வீட்டுக்குள் வேலை ஏறத்தாழ இரண்டே வாரம். 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடக்கலை விருது அதற்குக் கிடைத்தது. நெதர்லாந்தில் பத்தும் அதற்கு மேலும் வீடுகள் உள்ள தொகுப்பு என்றால், வாடகைதாரர்களில் 70 சதவீதம் பேர் ஒத்துக்கொண்டால்தான் திட்டம் நியாயமானது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாதவர் எட்டு வாரத்துக்குள் நீதிமன்றம் போகலாம். எங்களிடம் கேட்டிருந்தால் நானும் சம்மதம்தான் சொல்லியிருப்பேன். குளிரில் நடுங்க யாருக்கு ஆசை? ஆனால் முடியும் தேதி, திரும்பி வரும் உரிமை, பிறகு வரப்போகும் வாடகை, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

கட்டுரையாளர் மறுபடி இதுபற்றி எழுதினால் எங்கள் பக்கம் வரட்டும். பகல் இரண்டு மணிக்கு மேல் வந்தால் நல்லது, அதுவரை தூங்குவேன். பக்கத்துக் கட்டடத்தையும் காட்டுகிறேன். அங்கே போன வாரம்தான் கதவுக்கடியில் நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். ஆறு வாரமாம்.

இப்படிக்கு,
ஐந்தாம் தளத்து வாசகி