அப்பாவுக்காக வந்து நின்ற எல்லோருக்கும்

ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயால் அப்பா போய்விட்டார். கடைசி மாதங்கள் எப்படிப் போயின என்பது உங்களுக்குத் தெரியும். திரும்ப எழுதத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ராப்பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், விழுங்கச் சிரமப்பட்டபோது தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித் தரச் சொல்லிக்கொடுத்த பேச்சுப் பயிற்சியாளர், அம்மாவைத் தனியே விடாத சொந்தங்கள்: ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவேன்.

மூளை தானத்துக்குக் கடைசிக் கையெழுத்து வாங்க வந்த ஆய்வுக்கூடத்துப் பெண்மணியைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லியாக வேண்டும். வாங்கிக்கொண்டு அவர் கிளம்பியிருக்கலாம். அம்மா திடீரென்று, "கடைசியில் அவருக்கு என்மேல் ஏன் அத்தனை கோபம்?" என்று கேட்டுவிட்டார்.

அந்தப் பெண்மணி பையைக் கீழே வைத்தார். படிவ நகலைத் திருப்பி, பென்சிலால் சி.ஏ.ஜி., சி.ஏ.ஜி. என்று எழுதிக்கொண்டே போனார். ஹண்டிங்டன் நோய்க்குக் காரணமான மரபணுவில் இந்த மூன்று டி.என்.ஏ. எழுத்துகள் எல்லோருக்கும்தான் அடுத்தடுத்து வரும். 26 முறை வரை வந்தால் கவலையில்லை, 40-ஐத் தொட்டால் நோய் வந்தே தீரும். அப்பாவுக்கு 43. தாத்தாவைவிட அப்பாவுக்குச் சீக்கிரமே வந்ததற்கும் காரணம் சொன்னார்: தகப்பன் வழியாக இறங்கும்போது தொடர் நீண்டுவிடுவது அதிகமாம்.

"43 என்பது ரத்தத்தில் பார்த்த கணக்கு அம்மா. மூளையின் ஆழத்தில் சில செல்களில் அது வயதோடு நீண்டுகொண்டே போகும். 150-ஐத் தாண்டிய பிறகுதான் செல் கெடுகிறது என்று 2025-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அந்த இடம் கைகாலை மட்டும் ஆள்வதில்லை, கோபத்தைக் கட்டிவைப்பதிலும் அதற்குப் பங்குண்டு. கோபம் உங்கள்மேல் இல்லை."

நோயால் குணம் மாறும் என்று மருத்துவர்களும் சொன்னதுதான். அம்மாவின் கேள்விக்குப் பதிலாக, அம்மாவைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. அந்தத் தாளை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்புறம் இன்னொன்று. இதே நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள நான் பக்கத்திலேயே நின்றேன். "நீங்கள் சோதித்துப் பார்த்தாயிற்றா?" என்று அவர் கேட்கவே இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூடக் கேட்டார்கள் (வேண்டாம் என்றால் முறைப்பு வேறு).

1993-இல் இந்த மரபணு பிடிபட்டதற்கு, வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்கள் கொடுத்த ரத்தமும் ஒரு காரணம். நோயை நிறுத்தும் மருந்து அவர்களுக்கும் இன்னும் கிடைக்கவில்லை, எங்களுக்கும்தான். சரி, என் பங்குக்கு நானும் வருடாவருடம் ரத்தம் கொடுக்கும் ஆய்வில் சேர்கிறேன். ஆய்வுக்கூடத்தாரே, என் எண் எதுவானாலும் உங்கள் கோப்பிலேயே இருக்கட்டும். நானாகக் கேட்கும்வரை என்னிடம் சொல்ல வேண்டாம்.