மரத்துக்கு ஸ்வெட்டர்

ஒஹையோ,
மார்ச், ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

அண்ணனுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மூன்று வாரமாகப் பதில் போடாததற்குக் காரணம் ஒரு மேப்பிள் மரம். சிரிக்காதே.

போன நவம்பரில் எங்கள் ஊர் நூலகத்து வாசல் மரங்களுக்கு ஸ்வெட்டர் நூலில் உறை பின்னிப் போட்டோம். ஹூஸ்டனில் மக்தா சாயக் என்ற பெண் 2005-இல் தன் கடைக் கதவுக் கைப்பிடிக்கு ஓர் உறை பின்னி மாட்டினார். அதில் பிடித்த பைத்தியம் தெருக்கம்பம், மரம், பேருந்து என்று உலகம் சுற்றிவிட்டது. இதே ஒஹையோவில், எல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் 2008-இல் உறை போட்ட மரம் வெளிநாட்டுச் செய்திகளில்கூட வந்தது.

எட்டாம் வகுப்பில் தையல் டீச்சரிடம் குட்டு வாங்கிக் கற்ற குரோஷா பின்னல் கைக்கு மறக்கவில்லை. ஆனால் கணக்கில் கோட்டை விட்டேன். மரத்தின் சுற்றளவை ஓர் அடி உயரத்துக்கு ஓர் இடமாக டேப்பால் அளந்து, அதைவிடக் கொஞ்சம் குறைத்துப் பின்ன வேண்டும். இழுத்துத் தைத்தால்தான் நிற்கும். நான் சரியான அளவுக்கே பின்னினேன். முதல் மழையிலேயே பள்ளிக்கூடப் பையனின் சாக்ஸ் மாதிரி கீழே இறங்கிவிட்டது.

மரத்துக்கு இதனால் என்ன லாபம் என்பாய். ஒன்றுமில்லை, அதற்குப் பட்டையே போதும். லாபம் எனக்குத்தான். எட்டு வருடமாக எதிர்வீட்டில் இருக்கும் பாட்டியின் பெயரைப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிய அன்றுதான் கேட்டேன்.

போட வந்தவர்கள் முப்பது பேர். போன சனிக்கிழமை கழற்ற வந்தவர்கள் நான்கு பேர், அதில் பாட்டியும் ஒருவர். துளிர் விடும் காலத்துக்கு முன்னால் கழற்றியாக வேண்டும். விட்டுவைத்தால் தண்டு பருக்கும்போது இறுக்கும். ஈரம் தங்கிப் பூச்சி அடையும். நூலும் அக்ரிலிக், பிளாஸ்டிக்தானே! வெயிலில் இற்று இழை இழையாக மண்ணில் உதிரும். கழற்ற வருபவர்களின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டுதான் அடுத்த வருடம் ஊசியை எடுப்பது என்று சொல்லிவிட்டேன். பாட்டியும் என் கட்சிதான்.

இப்போது என் கராஜ் முழுக்க ஈர நூல். துவைத்துக் காயவைத்து, நாய்க் காப்பகத்துக்கு விரிப்பாகத் தைத்துக் கொடுக்கப் போகிறோம்.

அப்புறம், பேத்தியின் தலைச் சுற்றளவை எழுது. ஒரு குல்லா பின்னி அனுப்புகிறேன். பயப்படாதே, புது நூல்தான். அரை அங்குலம் குறைத்தே பின்னுகிறேன்.

அன்புடன்,
மீனா