பாசியும் பூஞ்சையும்: சேகருக்கு ஒரு கடிதம்

டேய் சேகரு, எப்படிடா இருக்க?

உன் லெட்டர் வந்து நாளாச்சு, பரீட்சை பேப்பர் திருத்துற வேலையில பதில் போட லேட்டாயிடுச்சு. கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்புறம்தான் மனசு நிம்மதியாச்சு. சொட்டு மருந்தை மட்டும் விட்றாதடா. உன் பொண்ணு தாவரவியல் எடுத்திருக்கான்னு எழுதியிருந்தியே, எனக்கு அவ்ளோ சந்தோஷம். பாசியெல்லாம் ஒரே குடும்பமா இல்லையா, ஏன் புக்குக்கு புக்கு மாத்தி மாத்தி போட்டிருக்குன்னு கேட்டாளாமே, அது ரொம்ப நல்ல கேள்வி, அதுக்காகவே உக்காந்து எழுதறேன், அவளுக்கும் படிச்சுக் காட்டு.

ஒரே குடும்பம் இல்லடா. ஒரே கலர் சட்டை போட்டவன் எல்லாம் அண்ணன் தம்பின்னு சொல்ற மாதிரிதான் பாசின்னு ஒண்ணா சேர்த்து வச்சிருக்கோம். வெயில்ல சாப்பாடு செஞ்சுக்கும், ஆனா வேர் தண்டு இலைன்னு கிடையாது, அவ்ளோதான் பொதுவா இருக்கறது. பச்சைப்பாசி செடிகளோட நெருங்கின சொந்தம், செடிங்களே அந்த வம்சத்துல இருந்து வந்ததுதான். சிவப்புப்பாசி அதுக்குப் பக்கத்து கிளை, நம்ம லேப்ல பாக்டீரியா வளர்க்கற அகார் இதுல இருந்துதான் எடுக்கறாங்க. ஆனா கடல்ல காடு மாதிரி நிக்குமே கெல்ப், அந்த பழுப்புப்பாசி பாக்க அச்சு அசல் செடி, செடிக்கும் அதுக்கும் ரொம்ப தூரம். கண்ணாடி ஓடு போட்ட ஒத்தை செல் பாசி டயாட்டம்தான் அதுக்கு சொந்தம். நீலப்பச்சைப்பாசிக்கு செல்லுக்குள்ள நியூக்ளியஸே கிடையாது, அது பாக்டீரியா.

எப்படி இப்படி கலந்துபோச்சுன்னா, ரொம்ப ரொம்ப முன்னாடி ஒரு செல் ஒரு நீலப்பச்சை பாக்டீரியாவை முழுங்கி செரிக்காம உள்ளயே வச்சுகிச்சு, அதுதான் இன்னிக்கு செல்லுக்குள்ள வெயில்ல சாப்பாடு செய்யற குளோரோபிளாஸ்ட். 1905லயே மெரெஷ்கோவ்ஸ்கின்னு ஒரு ரஷ்யக்காரர் சொன்னாரு, பெருசா யாரும் காதுல வாங்கல, அப்புறம் 1967ல லின் மார்குலிஸ்னு ஒரு அமெரிக்க உயிரியல்காரங்க திரும்ப எடுத்து வாதாடி ஜெயிச்சாங்க. அதோட நிக்கலடா, அப்படி வந்த பாசியையே வேற செல்லுங்க முழுங்கி பச்சையத்தை எடுத்துகிச்சு, பழுப்புப்பாசிக்கும் டயாட்டத்துக்கும் வந்தது ஒரு சிவப்புப்பாசி வழியா, குளத்துல நீந்தற ஒத்தை செல் யூக்ளினாவுக்கு வந்தது ஒரு பச்சைப்பாசி வழியா. யூக்ளினாவோட சொந்தக்காரன் யாரு தெரியுமா, தூக்க நோய் கொடுக்கற டிரிபனோசோமா! மலேரியா கிருமிக்குள்ளகூட நிறம் போன பழைய குளோரோபிளாஸ்ட் ஒண்ணு இன்னும் இருக்கு, டாக்ஸிசைக்ளின்ங்கற மருந்து அதைத்தான் அடிக்குது. இதைப் படிக்கறப்பல்லாம் எனக்கு சிலிர்க்கும்டா.

பூஞ்சை பக்கமும் இதே கதைதான். அயர்லாந்துல 1845ல உருளைக்கிழங்கு அழுகி பஞ்சம் வந்து கிட்டத்தட்ட 10 லட்சம் பேர் செத்தாங்களே, அதுக்கு காரணமான பைட்டோப்தோராவ ரொம்ப காலம் பூஞ்சைன்னுதான் பாடத்துல வச்சிருந்தாங்க, நூல் நூலா வளரும், விதை மாதிரி பரவற ஸ்போர் விடும், பாத்தா யாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா அதோட செல் சுவர் செல்லுலோஸ், நிஜ பூஞ்சைக்கு கைட்டின். தண்ணில நீந்தற ஸ்போருக்கு ரெண்டு வால், ஒண்ணு மொழுமொழுன்னு, இன்னொண்ணுல முடி முடியா இருக்கும், பழுப்புப்பாசியோட நீந்தற செல்லுலயும் அதே மாதிரி ரெண்டு வால். டிஎன்ஏவும் அதைத்தான் சொல்லுது, இது பழுப்புப்பாசியோட சொந்தம். பயிர் நோய் பாக்கற எங்க பொழைப்புல இது வெறும் பேர் சண்டை இல்லடா, பூஞ்சைக்கு அடிக்கற அசோல் வகை மருந்து, பூஞ்சையோட செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டிரால்ங்கற கொழுப்பு செய்யறதைத்தான் தடுக்குது, பைட்டோப்தோரா அதை செய்யறதே கிடையாது, அப்புறம் அந்த மருந்து எங்க வேலை செய்யும்? சொந்தம் தெரியாம மருந்து அடிச்சா காசும் போகும் பயிரும் போகும்.

சளிப்பூஞ்சை இதுலயும் சேராது, அது அமீபா கூட்டம். அதுல டிக்டியோஸ்டீலியம்னு ஒண்ணு, இரை இருக்கற வரைக்கும் ஒவ்வொண்ணும் தனித்தனி அமீபா, இரை தீந்துபோனா ஆயிரக்கணக்குல ஒண்ணா கூடி நத்தை மாதிரி நகர்ந்து போய் காம்பு ஒண்ணு எழுப்பும், காம்பா நிக்கற செல்லெல்லாம் செத்துரும், மேல இருக்கறது ஸ்போரா பரவும். வம்சத்துல அது பைட்டோப்தோராவைவிட நமக்குதான் பக்கம்.

செடியிலயும் விலங்குலயும் சேராததையெல்லாம் போட ஹெக்கல்னு ஒரு ஜெர்மன்காரர் 1866ல புரோட்டிஸ்டான்னு ஒரு பெட்டி செஞ்சாரு, விட்டேக்கர்னு ஒரு அமெரிக்கக்காரர் 1969ல உயிர்களை அஞ்சு ராஜ்யமா பிரிச்சப்போ அதை அதுல ஒண்ணா வச்சாரு, இன்னிக்கு வகைப்படுத்தறவங்க அதை ஒரே ராஜ்யமா ஒத்துக்கறதில்ல. பரீட்சைக்கு உன் பொண்ணு அஞ்சு ராஜ்யத்தையே எழுதட்டும், மார்க் முக்கியம். ஆனா மனசுல மட்டும் கிளை கிளையா ஒரு மரமா வரைஞ்சு வச்சுக்க சொல்லு. மைக்ரோஸ்கோப் கிடைச்சா முதல்ல டயாட்டம் பாக்கட்டும், அந்த ஓட்டுல இருக்கற கோடுங்களை ஒண்ணு ரெண்டு படமா வரைஞ்சு எனக்கு அனுப்ப சொல்லுடா, எந்த இனம்னு அவளும் நானும் சேர்ந்து கண்டுபிடிக்கறோம்.

அன்புடன்,
முருகேசன்