தம்பிக்கு: அந்த அக்டோபர் வகுப்பைப் பற்றி

அன்புள்ள தம்பி,

இன்று மே 1. பாப்பாவின் கல்லூரிக்குக் காலையிலேயே முன்பணம் கட்டிவிட்டேன். கடனுக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவளிடம் சொல்லியாயிற்று. நீ பாதியில் விட்ட அதே படிப்புதான், பழைய பெரிய நூல்களைப் படித்து உட்கார்ந்து பேசுகிற படிப்பு; உனக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும்.

ஃபோனில் சொன்னால் நீ "சரிக்கா" என்பாய், நானும் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அதை ஏன் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுத வேண்டும் என்று கேட்பாய். 2009ல் உன்னைப் பற்றி நான் பேசியதும் நாலு பேர் முன்னால்தானே. சர்ச்சில் பூசை முடிந்து பங்கு ஆட்கள் காப்பி குடித்துக்கொண்டு நிற்கும்போது, "கதைப் புத்தகம் படிக்க நான் கடன் வாங்க முடியாது" என்று சொன்னேன். அதைக் கேட்டவர்கள் இதையும் படிக்கட்டும். அப்பா சம்பந்தப்பட்டதை மட்டும் இங்கே எழுத மாட்டேன். உன் கல்லூரியின் பெயரும் வேண்டாம்.

நான் சொல்ல வந்தது அந்த ஒரு வகுப்பைப் பற்றித்தான். குடும்பங்களை அழைத்திருந்த அந்த வாரக்கடைசி, அக்டோபர் 2008. எட்டு மணி நேரம் கார் ஓட்டி, ஒரு டின் முந்திரிக்கொத்தோடு வந்தேன்.

நீள்வட்ட மேசை, சுற்றி 14 பேர். வந்தவர்களுக்குச் சுவரோரம் நாற்காலி, வாய் திறக்கக் கூடாது. ஏழு மாதப் பாப்பா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆசிரியர் பாடம் நடத்துவார் என்று நினைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். யாரும் பேசவில்லை. ஹீட்டர் குழாய் மட்டும் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் ஒரு வகுப்பு சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம் ஒரு பெண் "மிஸ்டர்" என்று தொடங்கி அப்பாவின் பெயரைச் சொன்னாள். நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். அவள் உன்னைத்தான் கூப்பிட்டாள். அங்கே அப்படித்தான் ஒருவரை ஒருவர் அழைப்பீர்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. 19 வயதுப் பையனை அப்பா பெயர் சொல்லி அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் உன்னிடம் நான் சொன்னதில்லை.

அன்றைக்குப் பாடம், புனித அகுஸ்தினார் எழுதிய தன்வரலாற்றின் ஐந்தாம் புத்தகம். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் கடற்கரை. மகன் ரோமுக்குப் போகப் போகிறான், அவன் அம்மா மோனிக்கம்மாள் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள். நண்பனை வழியனுப்ப வந்தேன் என்று பொய் சொல்லி, பக்கத்தில் இருந்த சிப்பிரியான் கோவிலில் அவளை இருக்க வைத்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பல் ஏறிவிடுகிறான். அவள் உள்ளே ஜெபம் செய்துகொண்டிருக்கிறாள். விடிந்து பார்த்தால் கப்பல் இல்லை.

நீ பேசினாய். "அவள் அழுதது மகனின் ஆத்துமாவுக்காக மட்டும் இல்லை. தன்னை விட்டுப் போகிறானே என்றுதான் அதிகம் அழுதாள். அவனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் ஆசையும் அந்த ஜெபத்தில் கலந்திருக்கிறது." இங்கிலீஷில் சொன்னாய். எனக்கு அது தமிழில்தான் கேட்டது. அம்மா போய் அப்போது ஐந்து வருடம். உனக்குச் சோறு போட்டது யார், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் இடத்தில் கையெழுத்துப் போட்டது யார்? உனக்குப் பிரிந்து போகிற அம்மா என்று ஒருத்தி இருந்தால் அது நான்தானே, மக்கா.

வகுப்பு முடிந்து நீ ஓடி வந்து பாப்பாவைத் தூக்கினாய். டின்னைத் திறந்து எல்லாருக்கும் முந்திரிக்கொத்து கொடுத்தாய். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு அன்றைக்கே கிளம்பினேன்.

மறு வருடம் மூன்றாம் ஆண்டுக் கடனுக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. காரணம் பணம் என்றேன். பணமும் காரணம்தான், அதை நீ மறுக்க முடியாது. நான் வந்து போனதற்கு முந்தின மாதம்தான் லேமன் பிரதர்ஸ் என்கிற பெரிய பேங்க் திவாலாகியிருந்தது. உன் அத்தான் வேலை பார்த்த பிராஜெக்ட் பாதியில் நின்றுபோனது. 2009 அக்டோபரில் இந்த அமெரிக்காவில் வேலையில்லாதவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். ஹோமர், வெர்ஜில் என்று பழைய காலத்துக் கவிஞர்களைப் படித்த பையனை எந்தக் கம்பெனி எடுக்கும் என்று நான் பயந்தது பொய் இல்லை. கைக்குழந்தையோடு, 18,000 டாலருக்கு ஜாமீன் நிற்கச் சொன்னால் யாருக்கும் கை நடுங்கும். நீ அக்கவுண்டிங்குக்கு மாறினாய். இன்றைக்கு நன்றாக இருக்கிறாய். நான் சொன்னபடி நடந்ததால்தான் இந்த வீடும் காரும் என்று உறவில் எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்த வகுப்பு நடக்காமல் இருந்திருந்தால் நான் எப்படியாவது கையெழுத்துப் போட்டிருப்பேன். இதைத்தான் இத்தனை வருடமாக உன்னிடம் சொல்லவில்லை.

போன டிசம்பரில் பாப்பா தன் விண்ணப்பங்களை என் முன்னால் வைத்தபோது முதல் முறையாக இதையெல்லாம் உட்கார்ந்து தேடினேன். இந்த மாதிரிப் படிப்பை நோட்டர் டேம் பல்கலைக்கழகம் 1950 முதல் நடத்திக்கொண்டிருக்கிறது. கலிபோர்னியாவில் தாமஸ் அக்குவினாஸ் கல்லூரி என்று 1971ல் ஆரம்பித்தது இருக்கிறது. அங்கே மேஜர் என்று தனித்தனிச் சிறப்புப் பாடமே கிடையாது, எல்லாருக்கும் இந்த ஒரே படிப்புதான், பாடப்புத்தகத்துக்குப் பதில் மூல நூல்கள்தான். யூக்ளிட் என்கிற பழைய கிரேக்கரின் வடிவியல் நிரூபணங்களை மாணவர்கள் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறார்கள். இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை மூன்றும் முதலில், கணக்கு, வடிவியல், இசை, வானியல் நான்கும் அதற்கு மேல் என்று பழைய காலத்தில் வைத்திருந்த வரிசையைப் படித்தேன். சுதந்திர மனிதனுக்கு உரிய கலைகள் என்றுதான் லத்தீனில் அதற்குப் பெயராம். நீ இதை முதல் வருடமே எனக்குச் சொல்ல வந்தாய். "வேலை கிடைத்தால்தான் சுதந்திரம்" என்று உன் வாயை அடைத்தேன். மன்னித்துக்கொள்.

பாப்பாவின் வாசிப்புப் பட்டியலில் அகுஸ்தினார் இருந்தார். நானும் படித்தேன். ஐந்தாம் புத்தகத்துக்கு வந்தபோது இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. நீ அன்றைக்குச் சொன்னது உன் சொந்தக் கருத்து இல்லை. அவரே எழுதி வைத்திருக்கிறார்: என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள என் அம்மா ஆசைப்பட்டாள், மற்ற அம்மாக்களைவிட அதிகமாகவே ஆசைப்பட்டாள் என்று. உன் முன்னால் இருந்த பக்கத்தை நீ ஒழுங்காகப் படித்திருக்கிறாய். அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு 17 வருடம்.

ஆனாலும் தம்பி, நீ என்னைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னாய். மேசையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவன் அந்த வாக்கியத்துக்கு முன்னால் சுவர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தாய். நான் கற்பனை செய்யவில்லை. அப்புறம் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நான் சொன்னபோது நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாயா? அத்தனை பேர் முன்னால் அவ்வளவு அழகாகப் பேசத் தெரிந்தவன், என்னிடம் "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாய். அன்றிலிருந்து கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பாப்பா பிறந்தநாள். வேறு எதற்கும் நீயாகக் கூப்பிட்டதில்லை. நீயும் ராத்திரியோடு ராத்திரியாகத்தான் கிளம்பினாய்.

மோனிக்கம்மாள் கடல் தாண்டி மகனைத் தேடி மிலான் வரைக்கும் போனாள். அதை இப்போதுதான் படித்தேன். நான் ஒரு தடவைகூட வரவில்லை.

நீ விட்டுப்போன பெட்டி இங்கே பேஸ்மென்டில்தான் இருக்கிறது. உன் அகுஸ்தினாரைப் பாப்பா கேட்கிறாள். கொடுப்பதற்கு முன்னால் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் பென்சில், ஓரமெல்லாம் உன் பொடி எழுத்து. அந்தக் கப்பல் வருகிற பக்கத்தில் மட்டும் ஒரு கோடுகூட இல்லை. அது ஏன் என்று எனக்கு நீதான் சொல்ல வேண்டும்.

கொடுக்கலாமா என்றும் சொல். ஞாயிறு பூசை முடிந்து பதினோரு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அக்கா