நினைவு தப்பும் முன்

கும்பகோணம்

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தம்பியும் நலம். மாப்பிள்ளையையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதையே இந்த வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் நீங்கள் இருவரும், பின்னால் நமக்காக முடிவெடுக்க ஒருவரை இப்போதே நியமித்து வைக்கும் எல்.பி.ஏ. என்ற பத்திரத்தை எழுதிப் பதிவு செய்துவிட்டீர்கள் என்றும், அதுபோல நானும் உன் பெயருக்கோ தம்பி பெயருக்கோ இங்கே ஒரு பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் கவலையில்லை என்றும் சொன்னாய். உன் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வழி நம் ஊரில் அடைபட்ட வழி. உங்கள் ஊர்ப் பத்திரம், எழுதியவருக்குச் சுயமாக முடிவெடுக்கும் திறன் போன பிறகுதான் நடைமுறைக்கு வருகிறது. நம் ஊர்ப் பவர் பத்திரமோ அந்த நேரத்தில்தான் செல்லாமல் போகிறது. பவர் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ ஏஜென்டின் அதிகாரம் அத்துடன் முடிந்தது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது. இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உன் அப்பா படுக்கையில் கிடந்தபோது வக்கீல் வாயால் கேட்டேன்.

நீ விமானம் பிடித்து வருவதற்கு முன் நடந்தவற்றை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பக்கவாதம் வந்த முதல் வாரத்தில் அப்பாவால் பேச முடியவில்லையே தவிர, சொல்வது புரிந்தது, தலையசைத்தார். வைப்புத்தொகையை முறிக்க வேண்டியிருந்ததால் வங்கி அதிகாரி ஒருவர் மருத்துவமனைக்கே வந்து, 'சம்மதமா ஐயா' என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, மை ஒற்றியை நீட்டினார். வலக்கை விழுந்துவிட்டதால் இடக்கைப் பெருவிரலை நான் பிடித்து ஒற்றினேன். முப்பது ஆண்டு தலைமை எழுத்தராகக் கையெழுத்துப் போட்ட மனிதர், தம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை. அவர் போன அன்றும் அது இருந்தது.

மூன்றாம் வாரம் நினைவு தப்பியது. செலவு ஏறிக்கொண்டே போனதால், காலிமனையை விற்க எனக்கு அவர் முன்பே பதிந்து கொடுத்திருந்த பவர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன். வாங்குவதற்கு ஆளும் இருந்தது. வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். 'ஐயாவுக்கு நினைவிருந்த வரையில்தான் அம்மா இது. இனி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுப் போட்டு, உங்களைக் காப்பாளராக நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்' என்றார். கோமாவில் கிடப்பவருக்குக் காப்பாளர் நியமிக்கத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை என்பதால் உயர் நீதிமன்றம்தான் ஒரே வழி. 2024இல் அப்படிக் கிடந்த ஒருவரின் மனைவியைச் சென்னை உயர் நீதிமன்றம் காப்பாளராக்கி, சொத்தை விற்கவும் அனுமதி தந்திருக்கிறது. வழி இருக்கிறது. ஆனால் ஐ.சி.யு. வாசலில் நிற்பவளுக்கு அது எட்டுகிற தூரமா? நான் நகைகளை வைத்துப் பணம் புரட்டினேன்.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். ஓர் இரவு பயிற்சி மருத்துவர் ஒருவர் தாளை நீட்டி, 'வென்டிலேட்டர் வைக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்' என்றபோது போட்டேன். டயாலிசிஸுக்கும் போட்டேன். பத்தொன்பது நாள் அவர் அந்தக் குழாயோடு கிடந்தார். அவருக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது. நாற்பத்திரண்டு ஆண்டு ஒன்றாக வாழ்ந்தும் அந்த ஒன்றை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்தத் தாளின் முன் நீ அப்படித் திகைத்து நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை நம் நாட்டில் ஒரு நல்ல வழி பிறந்திருக்கிறது. கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்து, ஒருவர் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. அப்போது மாஜிஸ்திரேட் ஒப்பமும் தேவைப்பட்டதால் நடைமுறையில் அது எளிதாக இல்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும் என்றார்கள். எனக்காக முடிவைச் சொல்ல வேண்டியவர்களின் பெயர்களையும் அதில் எழுத வேண்டும். உன் பெயரையும் தம்பி பெயரையும் எழுதியிருக்கிறேன். ஒரு நகலை நம் குடும்ப மருத்துவரிடமும், இன்னொன்றை மாநகராட்சி அலுவலகத்திலும் கொடுக்கப்போகிறேன்.

இந்தத் தாளைக் காட்டியதும் மருத்துவர்கள் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படாதே. சிகிச்சையளிக்கும் மருத்துவரோடு, ஐந்தாண்டு அனுபவமாவது உள்ள வல்லுநர்கள் இருவர் சேர்ந்த குழு, இனி தேற வழியில்லை என்று சொல்ல வேண்டும். அதன்பின் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவரும் வேறு இரு வல்லுநர்களும் கொண்ட இரண்டாம் குழுவும் அதை ஏற்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்லிவிடும். உங்கள் சம்மதமும் கேட்பார்கள். செயல்படுத்துமுன் மருத்துவமனை மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தரும். திருச்சி விமானத்தில் நீ வந்து சேர அந்த அவகாசம் போதும்.

நான் எழுதியிருப்பதன் சாரம் இது. தேறுவேன் என்று நம்ப இடமிருக்கும் வரை எல்லாச் சிகிச்சையும் வேண்டும், வென்டிலேட்டர் உட்பட. நிமோனியாவுக்காக நாலு நாள் குழாய் வைப்பதை யாரும் மறுத்துவிடக் கூடாது. நினைவு திரும்பாது என்று இரு குழுக்களும் சொல்லிவிட்டால் வென்டிலேட்டர் வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம், இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்கவும் வேண்டாம். வலி தெரியாமல் இருக்க மருந்து மட்டும் கடைசி வரை வேண்டும். உதடு உலராமல் ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருங்கள். அப்பாவுக்கு அதைச் செய்ய என்னை உள்ளே விடவில்லை.

அப்போது உறவில் யாராவது, பெற்றவளின் மூச்சை மகளே நிறுத்தினாள் என்று சொல்லக்கூடும். சொல்பவர்களிடம் தாளைக் காட்டு. முடிவு என்னுடையது, அதை எடுத்துச் சொல்லும் வாய் மட்டுமே உன்னுடையது.

மறதி நோய் வந்தால் என்ன செய்வது என்று தம்பி கேட்டான். அதற்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. மனநலச் சிகிச்சை விஷயத்தில் நமக்காகப் பேச வெள்ளைத்தாளிலேயே பிரதிநிதி ஒருவரைக் குறித்துவிடலாம். அருகில் இருப்பவன் என்பதால் அவனைக் குறித்திருக்கிறேன். அவனும் ஒப்புக்கொண்டு எழுதித் தந்துவிட்டான். ஓய்வூதியம் தவிர மற்ற சேமிப்பை அவனோடு ஜாயின்ட் கணக்காக, இருவரில் எவரும் எடுக்கும்படி மாற்றிவிட்டேன். நாமினி என்பவர் நான் போன பிறகுதான் கணக்கைத் தொட முடியும். படுத்திருக்கும்போது அந்தப் பெயர் உதவாது.

வீட்டை இப்போதே உங்கள் பெயரில் செட்டில்மெண்ட் எழுதிவிடச் சொல்லி உன் சித்தப்பா வற்புறுத்துகிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள்மேல் ஐயம் என்று எண்ணிவிடாதே. உயிரோடிருக்கும் வரை என் கூரை என் பெயரில் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். உயில் எழுதியாகிவிட்டது, பீரோவில் அப்பாவின் சர்வீஸ் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது.

மருத்துவத் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் இன்னும் கையெழுத்திடவில்லை. வரும் புதன்கிழமை நோட்டரியிடம் போக, என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவரும் எதிர்வீட்டுக்காரரும் சாட்சியாக வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன் நீ மாப்பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படி. அந்த நேரத்தில் உன்னால் சொல்ல முடியாது என்று தோன்றும் வரி எது என்று ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல். உன் பெயரையே எடுத்துவிடச் சொன்னாலும் வருந்தமாட்டேன்.

அன்புடன்,
அம்மா