மிலேட்டஸைக் கொன்னது வண்டலுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல இப்ப துருக்கி மேற்குப் பக்கம் இருக்கற பழைய கிரேக்க ஊரு மிலேட்டஸோட துறைமுகத்தப் பத்தி வந்தத, களத்துல கொப்பரையக் காயப்போட்டுட்டு நெழல்ல உக்காந்து படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கிமு 494ல பாரசீகப் படை எரிச்சதோட ஊரு கதை முடிஞ்சுதுன்னு போட்டிருக்கீங்களே, அது சரியில்லீங்க. எரிச்சது நெசம். ஏதென்ஸ்ல அத நாடகமாப் போட்டப்ப சனம் அழுது தீத்து, கடசீல நாடகம் போட்டவருக்கே 1,000 திராக்மா அபராதம் போட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் கட்டங்கட்டமா நேர் வீதி போட்டு ஊரு திரும்ப எந்திரிச்சுது, பவுல் போன கப்பலும் அங்க நின்னுச்சு (பைபிள்ல மிலேத்துன்னு இருக்கும்), இப்ப பெர்லின் மியூசியத்துல நிக்கற அந்த ஊரு சந்தை வாசலே கிபி 2ம் நூற்றாண்டுல கட்டுனது. கணக்குப் பாத்தா 600 வருசம் கழிச்சு!

ஊரக் கொன்னது மியாண்டர் ஆறுங்க. வளைஞ்சு வளைஞ்சு வந்து வண்டலக் கொட்டிக் கொட்டி, 4 துறை இருந்த ஊருக்கு இன்னைக்கு கடல் 8, 9 கிலோமீட்டர் தள்ளிப் போயிருச்சு. 494ல கப்பல் சண்டை நடந்த லாடே தீவு இப்ப வயக்காட்டு நடுவால ஒரு கரடு, அவ்வளவுதான். குடாக்கடல்ல ஒரு மூலை மட்டும் மாட்டிக்கிட்டு பாஃபா ஏரியாக் கெடக்குது. எங்க தோப்புக்கு குளத்து வண்டல் நாலு லோடு அடிச்சா தென்னைக்குத் தெம்பு, அங்க அதே வண்டல் கப்பலுக்கு எமனாயிருச்சு.

அப்பறம் அந்த ஊரு பழைய அறிஞர் தேலீஸப் பத்தி கிரகணம், கணக்குன்னு எழுதிட்டு செக்குக் கதைய விட்டுட்டீங்களே! வானத்தப் பாத்து வர்ற வருசம் ஆலிவ் நல்லாக் காய்க்கும்னு தெரிஞ்சுக்கிட்டு, குளிர்காலத்துலயே மிலேட்டஸ், கியோஸ்ல இருந்த செக்கு அத்தனைக்கும் கொஞ்சூண்டு அட்வான்ஸ் குடுத்துப் புடிச்சுப்போட்டாராம், போட்டிக்கு ஆளில்லாம சல்லிசாக் கெடச்சிருக்குது, அறுவடை வந்ததும் அவரு சொன்னதுதான் வாடகை. அரிஸ்டாட்டில் எழுதி வெச்சிருக்காரு. எங்கய்யனும் ஒரு வருசம் இப்படித்தான் ரெண்டு களத்துக்கு முன்கூட்டியே அட்வான்ஸ் குடுத்தாரு, அந்த வருசம்னு பாத்து மழை விடவேயில்ல, கொப்பரையெல்லாம் பூஞ்சாணம்.

அடுத்தவாட்டி மேப் போட்டா பழைய கடக்கரை எங்க இருந்துச்சுன்னு ஒரு கோடு சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு கொப்பரை வியாபாரி,
காங்கேயம்